மிக்சியைக் குப்பை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால்: எங்கள் தெருவின் பாதிக் கூலி ஏற்பாடு

மிக்சி திடீரென்று நின்றுவிட்டதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைத் திருப்பிப் போடுங்கள். அடிப்பாகத்தில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். பத்து நிமிஷம் ஆறவிட்டு அதை அழுத்திப் பாருங்கள். கெட்டித் துவையல் அரைக்கும்போது மோட்டார் சூடாகி ஓவர்லோடு சுவிட்ச் விழுந்திருக்கும், அவ்வளவுதான். இந்தப் பொத்தானை அழுத்திக் கொடுத்துக் காசு வாங்காமல் அனுப்பியவர்களை நான் எண்ணி வைக்கவில்லை. இதே பொத்தானுக்காகப் புது மிக்சி வாங்கியவர்களும் எங்கள் தெருவில் உண்டு. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இப்படிப் பொருள் வீணாகாமல் இருக்க, எங்கள் தெருவில் எல்லோரும் காசு போட்டு ஒரு நிதி வைத்துப் பழுதுச் செலவில் பாதியைக் கொடுக்கிறோம். அதைப் பற்றித்தான் இது.

நான் காயில் கட்டுகிறவள், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிறவள். பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அப்பா அங்கே ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். பத்து வயதில் ஃபார்மாவில், அதாவது கம்பி சுற்றும் அச்சில், கம்பி சுற்றக் கற்றுக்கொண்டேன். சின்ன விரலுக்குத்தான் மோட்டார் ஸ்லாட்டில் (பள்ளத்தில்) கம்பி ஒழுங்காக இறங்கும் என்று சொல்லியே அப்பா வேலை வாங்குவார். கல்யாணமாகிப் புதுச்சேரி சாரத்துக்கு வந்து 28 வருஷம் ஆகிறது. வீட்டு முன்னறைதான் கடை. மிக்சி, ஃபேன், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எனக்குத் தெரியும். வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் வந்தால் தெரிந்த ஒரு தம்பியைக் கூப்பிடுவேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் சாதாரண மழைக்கே தண்ணீர் கட்டும், அன்றைக்குக் கேட்க வேண்டுமா? எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல். தண்ணீர் வடிந்து நாலாம் நாள் குப்பை வண்டி வந்தபோது பார்த்தேன்: அதில் ஒரு கிரைண்டர், மூன்று மிக்சி, ஒரு டேபிள் ஃபேன். வண்டிக்காரத் தம்பியிடம் கெஞ்சி இரண்டு மிக்சியையும் ஃபேனையும் இறக்கிக்கொண்டேன். அந்த ஃபேன்தான் இப்போது கடையில் எனக்குக் காற்று வீசுகிறது. கழுவிக் காயவைத்து ஒரு கெப்பாசிட்டர் (மோட்டாரைச் சுற்றவைக்க உதவும் சின்ன உதிரி) மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை.

இறக்கிய மிக்சிகளில் ஒன்று மூன்றாம் வீட்டு அத்தை போட்டது. "என்கிட்ட கொண்டாந்திருக்கலாமே அத்தை?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "நீ பிரிச்சுப் பாத்துட்டு ஆயிரம்னு சொல்லிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? வேணாம்னு எடுத்துக்கிட்டு வரவும் கூச்சம், பாத்ததுக்குக் காசு கொடுக்காம வரவும் கூச்சம்."

இத்தனை வருஷம் தொழில் செய்தும் எனக்கு இது உறைக்கவில்லை. 250 ரூபாய்ச் செலவைப் பார்த்து யாரும் மிக்சியைத் தூக்கி எறிவதில்லை. எவ்வளவு ஆகும் என்று தெரியாததுதான் பயம். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், பிரிக்க ஒரு கூலி, அந்தக் கூலி வீணாகப் போகலாம். இந்த இடத்தில்தான் பொருள் குப்பைக்குப் போகிறது. உதவி என்று ஒன்று செய்தால் முதலில் இங்கேதான் செய்ய வேண்டும்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்த்ததற்குக் கூலி கிடைக்காது என்றால், எதையாவது மாற்றினால்தான் மெக்கானிக்குச் சோறு. வியாபாரமே இல்லாத ஒரு ஆடி மாதத்தில், நன்றாக இருந்த ஒரு மிக்சி சுவிட்சை நானே மாற்றி 180 ரூபாய் வாங்கியிருக்கிறேன். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். பார்க்கும் கூலி தனியாகக் கிடைத்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வெளிநாட்டில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது என்று எனக்குச் சொன்னது என் நாத்தனார். சொல்தா குடும்பத்தில் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) வாழ்க்கைப்பட்டு பாரீஸ் பக்கம் சார்செல்லில் இருக்கிறார். அவர் வீட்டு வாஷிங் மெஷின் 2024இல் பழுதானபோது பில்லிலேயே 50 யூரோ கழித்துக்கொண்டார்களாம். பிரான்சில் 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஆரம்பத்தில் பொருளுக்கு ஏற்ப 10 முதல் 45 யூரோ வரை கொடுத்தார்கள், பிறகு வாஷிங் மெஷின், டிவி போன்ற சிலவற்றுக்கு இரண்டு மடங்காக்கினார்கள். கம்பெனிகள் விற்கும் ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் கட்டுகிற தொகையிலிருந்து அந்தப் பணம் வருகிறது. முத்திரை வாங்கிய பட்டறையில்தான் செல்லும், அந்தப் பட்டறை செய்த வேலைக்கு மூன்று மாதம் உத்தரவாதம் தர வேண்டும். வாடிக்கையாளர் எந்த ஆபீசுக்கும் அலைய வேண்டாம்.

என் மகன் தேடிப் படித்துவிட்டு ஆஸ்திரியா கதையைச் சொன்னான். அங்கே 2022 ஏப்ரலிலிருந்து பழுதுபார்க்கும் செலவில் பாதி, 200 யூரோ வரை, அரசாங்கம் போட்டது. முதலில் சீட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. என்ன செலவாகும் என்று பார்த்துச் சொல்வதற்கும் 30 யூரோ வரை பாதி கிடைத்தது என்று அவன் வாசித்தபோது நான் சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டேன். அத்தையின் கூச்சம் வியன்னாவிலும் இருக்கிறது போல.

சரி, நம் தெருவில் எப்படிச் செய்தோம் என்பதற்கு வருகிறேன். உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ செய்ய நினைத்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தொகையை மட்டும் உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். நாற்பது வீடு, வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், ஆக 2,000. மகளிர் குழுவில் சீட்டுப் பிடித்துப் பழகிய தெருவாக இருந்தால் வசூல் பெரிய விஷயமில்லை. குடித்தனக்காரர்களையும் சேருங்கள். வீட்டுக்காரர்கள் மட்டும் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள், பழைய சாமானை வைத்து ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். நாத்தனார் சொன்னதிலிருந்து நாங்கள் ஒன்றைத் திருடினோம்: தெருவில் யார் புது மிக்சி, ஃபேன், டிவி வாங்கினாலும் நிதிக்கு 100 ரூபாய். கட்டாயம் கிடையாது. ஆனால் அட்டைப்பெட்டி வாசலில் தெரிந்த உடனே பிள்ளைகள் போய் நின்று கேட்டுவிடும்.

பணத்தை மெக்கானிக் கையில் கொடுக்காதீர்கள். நான் மெக்கானிக், நானே சொல்கிறேன். எங்கள் நிதி ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரிடம் இருக்கிறது. நோட்டும் அவரிடம்தான். வேலைக்கு என்னைத் தவிர இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறோம். நான் 'இது தேறாது' என்று சொன்னால் இன்னொருவரிடம் காட்டலாம், அந்த இரண்டாவது பார்வைக்கும் நிதிதான் கூலி கொடுக்கும். ஆரம்பத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை. பிறகு நான் தள்ளிவிட்ட ஒரு அயர்ன் பாக்ஸை அடுத்தவர் தெர்மல் ஃப்யூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் ஃப்யூஸ்) மாற்றி ஓட்டிக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் விதிகள். மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கக் கூலி 80 ரூபாய். இதை முழுவதும் நிதி கொடுக்கும், பொருள் தேறினாலும் தேறாவிட்டாலும். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்க 300, அதுவும் நிதிதான். பார்த்த பிறகு மெக்கானிக் ஒரு சீட்டில் மூன்று வரி எழுத வேண்டும்: எது போயிருக்கிறது, உதிரி எவ்வளவு கூலி எவ்வளவு, மாற்றினால் எத்தனை நாள் தாங்கும். அந்தச் சீட்டு டீச்சரம்மாவிடம் போய்க் கையெழுத்தாகி வந்த பிறகுதான் பழுதுபார்க்க ஆரம்பிக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சீட்டு எழுதினால் தொகை தானாக வளரும். எங்களுக்கு முதல் மாதமே வளர்ந்தது.

பழுதுச் செலவில் பாதி நிதி, பாதி சொந்தக்காரர். நிதி தரும் பாதிக்கு உச்சவரம்பு உண்டு: சின்னப் பொருளுக்கு 300, பெரியதற்கு 700. அதே வகைப் புதுப் பொருளின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவு தாண்டினால் நிதி ஒதுங்கிக்கொள்ளும். செய்த வேலைக்கு மூன்று மாதம் உத்தரவாதம், பிரான்ஸ்காரர்களைப் பார்த்து வைத்தது. கழற்றிய பழைய உதிரியைப் பையில் போட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியால் எங்கள் மூன்று பேர் மேலும் தெருவுக்கு வந்த நம்பிக்கையை விளம்பரம் போட்டுக்கூடச் சம்பாதிக்க முடியாது. தேய்ந்துபோன கார்பனைக் கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு அந்த அத்தை மிக்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் பிரஷ் ஒரு ஜோடி 40, கப்ளர் (ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பல் சக்கரம்) 60, கூலி 150, மொத்தம் 250. அத்தை கொடுத்தது 125. நிதி கொடுத்தது இன்னொரு 125, பார்த்த கூலி 80. அவர் வாங்கப் பார்த்த புது மிக்சி 3,500. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வருவதில் பெரும்பாலானவை கெப்பாசிட்டர் கேஸ்கள்: உதிரி 60, கூலி 100, ஆளுக்கு 80. காயில் எரிந்த ஃபேன் என்றால் ரீவைண்டிங் 650, நிதி 300க்கு மேல் போகாது, மீதி 350 சொந்தக்காரர். வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை என்றால் டிரெயின் பம்ப் 900, கூலி 500, ஆளுக்கு 700. இப்படி ஒன்று வந்துவிட்டால் அந்த மாதம் வேறு பெரிய பொருளை எடுக்க முடியாது. வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

எதற்கெல்லாம் நிதி கிடையாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாரண்டியில் இருக்கும் பொருளை நாங்கள் தொடுவதில்லை, பிரித்தால் வாரண்டி போய்விடும். பில்லைத் தேடி எடுக்கச் சொல்வேன். மிக்சிக்கு இரண்டு வருஷம் முடிந்திருந்தாலும் சிலவற்றில் மோட்டாருக்கு மட்டும் ஐந்து வருஷம் வரை இருக்கும், பலர் கவனிப்பதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசச் சொல்வேன். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு இணையதளம் திறந்தது, அதில் பல கம்பெனிகளின் சர்வீஸ் விவரம் இருக்கிறது. செல்போன் எங்கள் வேலையில்லை. எல்.இ.டி. பல்பும் இல்லை. உள்ளே ஒரு எல்.இ.டி. புள்ளி எரிந்துபோன பல்பில் அதை மட்டும் ஷார்ட் பண்ணி எரியவைக்கலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற புள்ளிகள் மேல் பாரம் ஏறிக் கொஞ்ச நாளில் அவையும் போகும். நிதிப் பணத்தில் அந்த வித்தை வேண்டாம்.

மைக்ரோவேவ் அடுப்பை யாரும் வீட்டில் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய பிக்சர் டியூப் டிவியும் அப்படித்தான். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கமே இல்லை.

இனி எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது. கடையில் முதலில் எடுப்பது மீட்டரை இல்லை, சீரிஸ் பல்பை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றும் பிளக் பாயிண்ட் ஒன்றும் ஒரே வரிசையில் இணைத்த பலகை அது. சந்தேகப் பொருளை அதில் செருகினால், பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கலாம் (அயர்ன் பாக்ஸ் மாதிரி அதிக வாட் பொருள் நன்றாக இருந்தாலே கிட்டத்தட்ட முழுசாக எரியும்), மங்கலாக எரிந்தால் லோடு எடுக்கிறது, எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. வீட்டு ஃப்யூஸ் போகாமல் அரை நிமிஷத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று, குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி. போட்டால் ஒன்றும் தெரியாது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தால் நாலு வாங்கி வையுங்கள். இந்தப் பலகை வேலை தெரிந்தவர் கைக்கு மட்டும்.

மிக்சியில் தீப்பொறி அதிகம், கருகல் வாசனை என்றால் கார்பன். மோட்டார் சத்தம் வருகிறது ஆனால் ஜாரில் பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் பல் தேய்ந்திருக்கும், மோட்டார் சுகமாக இருக்கிறது. ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தால் வாஷரை உடனே மாற்றுங்கள். பத்து ரூபாய் வாஷரை விட்டதால் சட்னித் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பாகம்) போன மிக்சிகள் என் கடையில் வரிசையாக நிற்கின்றன. ஆர்மேச்சரும் அதைச் சுற்றி நிற்கும் ஃபீல்டு காயிலும் சேர்ந்து போயிருந்தால் நான் அநேகமாகத் தள்ளிவிடுவேன். தள்ளினாலும் ஜாரும் சுவிட்சும் ஒயரும் எடுத்துவைப்பேன், அடுத்த மிக்சிக்கு ஆகும். 2011இல் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்த பிறகு அப்பா கடையில் இதையே பெரிய அளவில் செய்தார். தெருவெல்லாம் ஒரே மாதிரி மிக்சி. செத்த இரண்டைப் பிரித்தால் உயிரோடு ஒன்று எழுந்துவிடும்.

ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் எண்ணையே கேளுங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபேரட். வேகம் கூடட்டும் என்று பெரியதைப் போட்டால் காயில் சூடாகும். கரகர சத்தம் வந்தால் பேரிங். கடலோர ஊரில் இது சீக்கிரம் போகும், உப்புக் காற்று. ஆனால் புதிதாக வந்திருக்கும், எலக்ட்ரானிக் போர்டால் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் எனக்கு இன்னும் வசப்படவில்லை. கரண்ட் செலவு பழைய 75 வாட் ஃபேனில் பாதிகூட இல்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். போனால் உள்ளே இருக்கும் போர்டுதான் போகும். சில கம்பெனி போர்டைப் பசை ஊற்றி மூடி விடுகிறார்கள், தனியாகவும் தருவதில்லை. வாங்கும்போதே "போர்டு தனியா கிடைக்குமா, என்ன விலை?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் கடைக்காரர் கம்பெனியிடம் கேட்பார்.

இண்டக்ஷன் அடுப்பைப் பிரித்தால் பத்தில் சிலவற்றில் உள்ளே பல்லி செத்துக் கிடக்கும். எறும்பு, கரப்பான், எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் இருக்கும் சின்ன ஃபேன் அடைத்துக்கொண்டால் சூடு ஏறி போர்டு போகும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், என்னிடம் வர வேண்டாம். ஃப்யூஸ் போனதற்குப் பதிலாகக் கம்பி கட்டிக் கொண்டுவந்தால் அதைத் தொட மாட்டேன், திட்டித்தான் அனுப்புவேன்.

எர்த் விஷயத்தில் மட்டும் பாதி கிடையாது, முழுச் செலவும் நிதியுடையது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயிண்டில் செருகும் வழக்கம் நம்மிடம் அதிகம். அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், ஹீட்டர் எது வந்தாலும் மூன்று பின் பிளக் போட்டு, எர்த் சரியா என்று பார்த்த பிறகுதான் வெளியே போகும். ஈரத் தரையில் நின்று கிரைண்டர் கழுவுகிற வீட்டில் ஒரு நூறு ரூபாய் பிளக்குக்குப் பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை.

மழையில் மூழ்கிய சாமானுக்குத் தனி முறை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரைப் புரட்டியபோது அப்பாவிடம் கற்றது. முதல் தப்பு, தண்ணீர் வடிந்த உடனே "ஓடுதா பாப்போம்" என்று பிளக்கில் செருகுவது. ஈரத்தில் பிழைத்த மோட்டாரை அந்த ஒரு வினாடி கொன்றுவிடும். செருகாமல் கொண்டுவாருங்கள். பிரித்து, சேறு போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தண்ணீரில் விழுந்ததை மறுபடி தண்ணீரில் கழுவுவதா என்று எல்லோரும் பயப்படுவார்கள். சேறும் சாக்கடை உப்பும் உள்ளேயே தங்கினால் அதுதான் காயிலைத் தின்னும். கழுவி, ஓரிரண்டு நாள் வெயிலில் வைத்து, பிறகு ஒரு தகரப் பெட்டிக்குள் மோட்டாரையும் எரிகிற 60 வாட் குண்டு பல்பையும் ஒட்டாமல் வைத்து மூடிவிடுவேன். அந்தச் சூட்டில் காயிலின் அடி ஈரமும் வெளியேறும். ஆள் இருக்கும்போது மட்டும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. கடைசியில் மெக்கர் என்ற மீட்டரை வைத்து, கரண்ட் எங்கும் கசியாமல் இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மறுபடி பெட்டிக்குள்.

ஃப்ரிட்ஜ் மூழ்கினால் பலர் கையைக் கழுவிவிடுகிறார்கள். கம்ப்ரஸர் முழுக்க மூடி வெல்டு செய்தது, அதற்குள் தண்ணீர் போகாது. அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கம்ப்ரஸரை ஓடவைக்கும் ரிலேயும் ஓவர்லோடு சுவிட்சும்தான் நனையும், அவற்றை மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். வாஷிங் மெஷினில் போர்டு மேலே இருந்து தண்ணீர் கீழேயே நின்றிருந்தால் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்தால் போதும். ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் தெருவில் இப்படிப் பிழைத்த வாஷிங் மெஷின்கள் இன்றும் ஓடுகின்றன.

உதிரிக்கு நான் முதலில் போவது ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட். நேரத்தோடு போனால் ஓடாத மிக்சி நூறு நூற்றைம்பதுக்குக் கிடைக்கும். வாங்கும்போது மோட்டார் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள், இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். கார்பன், கெப்பாசிட்டர், பேரிங் ஆகிய மூன்றையும் மட்டும் பழையதில் எடுக்காதீர்கள். புதிதாக நல்ல கடையில் வாங்குங்கள், பத்து ரூபாய் மிச்சம் பிடித்து மூன்று மாத உத்தரவாதத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எரிந்த காயிலிலிருந்து வரும் செம்புக் கம்பி யாருக்கு? இதில் எங்களுக்குள் கொஞ்சம் சண்டையே வந்தது. வழக்கமாக அது மெக்கானிக்குத்தான் போகும், கிலோ 600 ரூபாய்க்கு மேல் விலை. கடைசியில் நிதி பாதி கொடுத்த வேலையில் வரும் செம்பு நிதிக்கு என்று முடிவாயிற்று. நான் ஒத்துக்கொண்டேன், முழு மனசோடு என்று சொல்ல மாட்டேன். பிறகு இன்னொன்று தெரிந்தது: மலிவான ஃபேன்கள் பலவற்றில் இருப்பது செம்பே இல்லை, அலுமினியம். அதை எடைக்குப் போட்டால் டீச்செலவுக்கு ஆகும். அப்படிப்பட்ட ஃபேனைச் செம்பில் கட்டிக் கொடுப்பது உண்டு, செலவு கூடும், சீட்டில் அதைத் தனியாக எழுதுவோம். கம்பியை எரித்து எடுக்காதீர்கள். அந்தப் புகை தெருப் பிள்ளைகளுக்குத்தான் போகும். நான் வெட்டி இழுத்துத்தான் எடுக்கிறேன், நேரம் ஆகிறது, ஆகட்டும்.

தேறாத போர்டுகளை இரும்புக் கடையில் போடுவதை நிறுத்திவிட்டோம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் போக வேண்டும். தனி ஒரு வீட்டில் இரண்டு போர்டு இருந்தால் யாரும் வந்து வாங்க மாட்டார்கள். ஒரு மூட்டை சேர்ந்தால் வருகிறார்கள். டீச்சரம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கு கிடக்கிறது, அவருடைய மருமகள்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளிக்கிறார்.

நிதியில் நடந்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பார்த்த கூலியைச் சொந்தக்காரர் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு டீச்சரம்மாவிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தோம். இரண்டு மாதம் ஈ ஓட்டினோம். எண்பது ரூபாயைத் திரும்பக் கேட்டு டீச்சர் வீட்டு வாசலில் போய் நிற்க யாருக்கும் மனமில்லை. மாதக் கடைசியில் நாங்களே சீட்டுகளைக் கொண்டுபோய் வாங்கிக்கொள்வது என்று மாற்றினோம். அந்த வாரமே அத்தை ஒரு கிரைண்டரையும், பின்னாலேயே தன் சம்பந்தி வீட்டு அயர்ன் பாக்ஸையும் கொண்டுவந்தார். சம்பந்தி வில்லியனூர், நம் தெருவே கிடையாது. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பாக்கற கூலி மட்டும் போடு, மீதி அவங்க கணக்கு" என்றார். அதுவும் இப்போது விதியாகிவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று மாதம் மிக்சியும் ஃபேனும் மட்டும் எடுங்கள். வாஷிங் மெஷினை உடனே சேர்த்தால் நிதி ஒரே பில்லில் காலியாகி, எல்லோருக்கும் அலுத்துவிடும். தை மாதத்தில் வசூலை ஆரம்பித்தால் நல்லது, கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். மாசி கடைசிக்குள் 2.5 கெப்பாசிட்டர் பத்து வாங்கி வைத்துவிடுங்கள். பங்குனி வெயில் ஏறிவிட்டால் ஃபேன்கள் வாசலில் வரிசை கட்டும், கடைக்கு ஓட நேரம் இருக்காது.